பக்கத்து இருக்கை

பிளெயின் சிட்டி, ஓஹாயோ
பிப்ரவரி 10

கர்த்தருக்குள் அன்பான சலோமா அக்காவுக்கு,

தங்கை வெர்னா எழுதுவது. ஆண்டவருடைய தயவில் இங்கே மூவரும் உயிரோடும் ஜெபத்தோடும் இருக்கிறோம். நீங்களும் லெவி அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? சார்ம் பக்கம் பனி அதிகம் என்று கேள்விப்பட்டேன். உங்கள் முழங்கால் இந்தக் குளிரைத் தாங்குகிறதா?

என் வீட்டுக்காரருடைய கண்தான் மோசம். சர்க்கரை வியாதி கண்ணுக்குப் போய்விட்டது. போன இலையுதிர் காலத்தில் ஓட்டுநர் உரிமத்தை அவரே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். "குதிரைன்னா நமக்குக் கண்ணு தெரியலைன்னாலும் அது பார்த்துப் போகும். கார் பார்க்காதே வெர்னா" என்று சிரித்தார். கார் கொட்டகையில் நிற்கிறது. ஆராதனைக்கும் கடைக்கும் சபைச் சகோதரி லோயிஸ் வந்து கூட்டிப்போகிறாள். அவள் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் மாவு தீர்ந்தால் மாவு தீர்ந்தது என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அதனால் மகள் கெசியா கார் ஓட்டப் படிக்க ஆரம்பித்திருக்கிறாள். பதினைந்தரை வயது ஆகிவிட்டது, பழகுநர் உரிமம் கேட்கலாம். வகுப்பெல்லாம் ஆன்லைனில். இணையத்துக்குச் சபையார் பூட்டுப் போட்டுக் கொடுத்த கணினியை அடுப்படி மேஜையில் வைத்துப் படிக்கிறாள். பூட்டில் இந்த வகுப்பு ஒன்றுக்கு மட்டும் வாசல் திறந்து கொடுத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தை வேகமாகப் படித்து முடித்தாலும் அடுத்த பக்கம் வராது. குறிப்பிட்ட நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும். "நம்ம சபைப் பிரசங்கம் மாதிரியே இருக்கு" என்கிறார் அவர்.

கார் ஓட்டுகிற சபைக்கு நாங்கள் மாறி வந்து இத்தனை வருடம் ஆகியும், குதிரைவண்டியில் போகிற உங்களுக்குக் காரைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. ஆனால் ஓர் ஆசை இருக்கிறது, அக்கா. அப்பாவின் அடக்கத்தன்று நீங்கள் எல்லோரும் நீள மேஜையில் உட்கார, சபை மாறியதால் விலக்கப்பட்ட நானும் அவரும் சுவரோரம் தனி மேஜையில் சாப்பிட்டோமே, அதற்குப் பிறகு உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. போகலாம் வா என்று அவர் வருடாவருடம் கூப்பிடுவார். அந்தச் சின்ன மேஜையை நினைத்து நான்தான் தள்ளிப்போட்டேன். இப்போது ஓட்ட ஆளில்லை என்றான பிறகு உங்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கெசியா பழகிவிட்டால் கோடையில் வருவோம்.

ஒரு சிக்கல் உண்டு. பதினாறு முடியாத பிள்ளை ஓட்டும்போது உரிமம் உள்ள பெற்றவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று சட்டம். ஓட்டுநர் பள்ளி ஆசிரியரோடு கொஞ்ச நேரம் ஓட்டலாம். மற்றதெல்லாம் பெற்றவரோடுதான். அதற்கு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

பிள்ளையைப் பற்றி இவ்வளவு எழுதியது பெருமைக்காக அல்ல.

உங்கள் ஜெபத்தை நாடும்,
வெர்னா

*

சார்ம், ஓஹாயோ
பிப்ரவரி 26

அன்புத் தங்கை வெர்னாவுக்கு,

சமாதானம் உண்டாவதாக. உன் கடிதம் மேப்பிள் பாகு காய்ச்சுகிற நாளில் வந்தது. உறையில் பிசுக்கு ஒட்டியிருந்தால் மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். லெவிக்கு இருமல். இருமிக்கொண்டே வேலை செய்கிறார், சொன்னால் கேட்பதில்லை.

ஆட்லியின் கண்ணுக்காக ஜெபிக்கிறேன். அவருடைய வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிகிறது, அதற்கும் ஸ்தோத்திரம்.

அடக்கத்தன்று கெசியா நாலு வயதுக் குழந்தை. என் அப்பத்தைப் பாதி தின்றுவிட்டு மீதியை என் பாக்கெட்டில் ஒளித்து வைத்தாள். அவளா கார் ஓட்டப் போகிறாள்! இப்போது யார் சாயல் என்று எழுது. படம் எங்கள் சபைக்கு ஆகாது, வேண்டாம். எழுது, போதும்.

கோடையில் வருவதைப் பற்றி அப்புறம் பேசுவோம். வேலை அதிகமாக இருக்கும்.

அந்தப் பக்கத்து இருக்கையில் யார் உட்காரப் போவது? அதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். நீ சபையை விட்டுப் போன அன்று களத்தில் நின்று அப்பாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தாயே, காரில் உட்காருவேன், ஆனால் ஒருநாளும் ஓட்ட மாட்டேன் என்று. நினைவூட்ட வேண்டியதில்லை. நீ மறக்கிறவள் அல்ல.

இரண்டு ஞாயிறாக நான் ஆராதனைக்குப் போகவில்லை. பனி.

கிருபை உன்னோடிருப்பதாக,
சலோமா

*

பிளெயின் சிட்டி
மார்ச் 15

அன்பான அக்காவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அத்தானின் இருமல் நின்றதா? வெங்காயப் பற்று போட்டுப் பாருங்கள், அடம்பிடித்தால் தூங்கும்போது போடுங்கள்.

கெசியா தேறிவிட்டாள்! எழுத்துத் தேர்வில் ஒரே ஒரு கேள்விதான் தவறு. நாற்சந்தி நிறுத்தத்தில் யார் முதலில் போவது, மழையில் எவ்வளவு இடைவெளி விடுவது, எல்லாம் சரி. கவுண்டரில் இருந்த அம்மாள், "இவ்வளவு நிதானமா பதில் சொல்ற பிள்ளையை நான் பார்த்ததில்ல" என்றாள். கெசியா தலையைக் குனிந்துகொண்டாள். நான் மேற்கூரையைப் பார்த்தேன். கூரையில் ஒன்றுமில்லை, அக்கா. முகத்தை எங்காவது திருப்ப வேண்டியிருந்தது.

வகுப்பில் ஒரு பாடம் உங்களைப் பற்றியது. முன்னால் குதிரைவண்டி போனால் என்ன செய்ய வேண்டும் என்ற பாடம். பின்னால் ஆரஞ்சு முக்கோணம் மாட்டிய வண்டி ஒன்று மலைச்சரிவில் ஏறுவதைக் காட்டினார்கள். உள்ளே கறுப்பு முக்காடு போட்ட பெண் ஒருத்தி. அவள் திரும்பவே இல்லை. கெசியா அந்தப் பக்கத்தின் நேரம் முடிந்த பிறகும் அடுத்ததற்குப் போகாமல் இருந்தாள். "பெரியம்மாவா இருக்குமோம்மா?" என்றாள். "இது சினிமாக்காரங்க எடுத்தது, போ" என்றேன். ஆனால் குதிரையின் நடையை நானும் கவனித்தேன்.

சாயல் கேட்டீர்கள். மூக்கு அப்பாவுடையது, பாவம். நெற்றி உங்களுடையது. சிரிப்பு அவருடையது, அதை அடக்கி வைக்க நான் படாத பாடு படுகிறேன். உரிமத்துக்குப் படம் எடுத்தார்கள், உங்களுக்கு அனுப்ப மாட்டேன்.

முதல் பாடத்திற்கு ஓட்டுநர் பள்ளி ஆசிரியர் வருகிறார். மற்றதற்கு வழி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பெருமைக்காக எழுதவில்லை.

அன்புடன்,
வெர்னா

*

சார்ம்
மார்ச் 30

வெர்னாவுக்கு,

ஆண்டவர் உங்களைக் காப்பாராக. லெவிக்கு இருமல் நின்றது. வெங்காயத்துக்குப் பயந்தே நின்றுவிட்டது.

நீ எழுதிய மூக்கையும் நெற்றியையும் சேர்த்து ஒரு முகம் செய்து பார்த்தேன். சிரிப்பை நீ அடக்காதே. ஒரு வீட்டில் ஒரு ஆளாவது சிரிக்க வேண்டும்.

குதிரைவண்டிக்குப் பின்னால் வரும்போது ஹார்ன் அடிக்க வேண்டாம் என்று அவளிடம் சொல். எங்கள் டாலி மிரளுகிறவள்.

பக்கத்து இருக்கையைப் பற்றி நீ எழுதவில்லை. சரி.

இந்த ஞாயிறும் ஆராதனைக்குப் போகவில்லை. சேறு.

சலோமா

*

பிளெயின் சிட்டி
ஏப்ரல் 14

அன்பான அக்காவுக்கு,

உயிர்த்தெழுந்தவருடைய நாமத்தில் வாழ்த்துகள். நாங்கள் நலம். உங்கள் கடிதம் சின்னதாக இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லையே? சேற்றுக்கெல்லாம் நீங்கள் ஆராதனைக்குப் போகாமல் இருந்ததை நான் பார்த்ததே இல்லை.

இங்கே ஒரு கூத்து நடந்தது. சிரியுங்கள். மேய்ச்சல் வெளியில் காரை ஓட்டிப் பழகுகிற நேரம். நிலம் சரிவு. கார் தானாக இறங்க ஆரம்பித்தது. நிறுத்த வேண்டும் என்ற பதற்றத்தில் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு சேர்த்து இழுத்தால் கார் நிற்குமா? "ஹோ, ஹோவ்!" என்று கத்தினால் நிற்குமா? நேராகத் துணிக்கயிற்றுக்குள் போய், அவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைக் கண்ணாடியில் போர்த்திக்கொண்டு, கோழிக்கூட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கோழிகளுக்கு ஒன்றுமில்லை. அன்று முட்டை மட்டும் இல்லை.

அவர் வராந்தாவில் உட்கார்ந்து சத்தத்தை வைத்தே எல்லாம் கண்டுபிடித்துவிட்டார். "வண்டி நின்னாச்சு, ஆனா இண்டிகேட்டர் இன்னும் டிக்கு டிக்குனு அடிக்குது. எந்தப் பக்கம் திரும்பறதா உத்தேசம்? கோழிக்கூட்டுக்குள்ளயா?" என்று கேட்டார். கெசியா சிரித்துச் சிரித்துப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பள்ளி ஆசிரியரோடு ஓட்டும்போது அப்படியே வெண்ணெய் வழிகிற மாதிரி போகிறாளாம். சொன்னவர் ஆசிரியர், நான் அல்ல.

உங்கள் தங்கை,
வெர்னா

*

சார்ம்
ஏப்ரல் 25

அன்புத் தங்கைக்கு,

சமாதானம். நாங்கள் சுகம் என்றே வைத்துக்கொள்.

உன் கடிதத்தை லெவிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சட்டைக்குச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, இன்னொரு முறை வாசித்தேன்.

கெசியா பிறந்த நாளிலிருந்து காரில் போகிறாள். கடிவாளத்தைத் தொட்டதே கிடையாது. வண்டி ஓடினால் அந்தப் பிள்ளையின் கால் பிரேக்கைத் தேடும். கை ஏன் நெஞ்சுக்கு வரும்? வாய் ஏன் "ஹோவ்" என்று கத்தும்? சிறு வயதிலிருந்து குதிரையை இழுத்து நிறுத்தியவளுக்குத்தான் அது வரும். பிள்ளை புல்லில் உட்கார்ந்து சிரித்தாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் காருக்குள் இருந்தது யார், வெர்னா?

நீ பதில் எழுதும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ போன அன்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். "ஏன்ப்பா, கார்ல உட்காரலாம், ஓட்டக் கூடாதா? அது எந்த வசனத்துல இருக்கு?" என்றேன். "வசனத்துல ஒண்ணும் இல்ல. அவ வண்டி ஓட்டி நீ பார்த்ததில்லையா? பக்கத்து வீட்டு வேலியை மூணு தடவை கட்டிக் கொடுத்தவன் நான். குதிரைக்காவது அறிவு இருந்துச்சு" என்றார். சொல்லிவிட்டுப் பால் கறக்கப் போனார். வழக்கத்தைவிட வெகு நேரம் கழித்துத்தான் தொழுவத்திலிருந்து வந்தார்.

அவர் பயந்தது உன் ஆத்துமாவுக்கு அல்ல, உன் கழுத்துக்கு.

இனி உண்மையை எழுது.

சலோமா

*

பிளெயின் சிட்டி
மே 2

என் அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கொட்டகையில், காருக்குள் உட்கார்ந்து வாசித்தேன். அழுதேனா சிரித்தேனா என்று கேட்காதீர்கள்.

நான்தான். பிப்ரவரியிலிருந்து கெசியாவோடு நானும் அந்த வகுப்பைப் படித்தேன். ரொட்டி மாவு பிசைந்துகொண்டே கேட்பேன். அவள் பரீட்சை எழுதிய அன்று நானும் எழுதினேன். கவுண்டர் அம்மாள் என்னைப் பார்த்து, "நீங்க கையெழுத்துப் போட வந்தவங்கதானே?" என்றாள். "அதுவும் போடுவேன், பரீட்சையும் எழுதுவேன்" என்றேன். கெசியா தேறினாள், நான் தேறவில்லை. நாற்சந்தியைப் பற்றிய எல்லாக் கேள்விக்கும் "மற்றவருக்கு வழிவிட வேண்டும்" என்றே குறித்திருந்தேன்.

கெசியா என்னை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாள். "அம்மா, முதல்ல வந்தவங்க முதல்ல போகணும். அதுல தாழ்மைக்கு இடமில்ல. நீங்க போகாம நின்னா பின்னாடி வர்றவன் குழம்பிப்போவான்." எங்கள் ஆராதனை முடிந்து வரும் வழியில் உள்ள நாற்சந்தியில் போய்ப் பார்க்க வேண்டும், அக்கா. நாலு பக்கமும் நம் ஆட்கள், நாலு பேரும் 'நீங்க போங்க, நீங்க போங்க' என்று கையாட்டுவார்கள், ஒருவரும் நகர மாட்டார்கள். போன ஞாயிறு அந்த முடிச்சை அவிழ்த்தது கெசியாதான். தன் முறை வந்ததும் தலையை அசைத்துவிட்டுப் போனாள். பின்னால் எல்லோரும் ஒழுங்காக வந்தார்கள். ஆம், அக்கா, அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில் இருந்தேன். இரண்டாம் முறை தேறி, லோயிஸோடு பழகி, போன வாரம் எனக்கு முழு உரிமம் வந்துவிட்டது. வேலி எதையும் இடிக்கவில்லை. துணிக்கயிறு கணக்கில் சேராது.

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை மீறினேன் என்று உங்களிடம் சொல்லப் பயந்தேன். நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு மூச்சு நேராக வருகிறது.

ஆனால் கெசியா ஒரு கேள்வி கேட்டாள். "நாம அங்க போனா பெரியம்மாவை கார்ல வெளிய கூட்டிட்டுப் போலாமா?" என்றாள். ஞானஸ்நானம் எடுத்த பிறகு சபையை விட்டு வந்தவர்கள் ஓட்டுகிற வண்டியில் பழைய சபையார் ஏறக் கூடாது, எங்கள் கையிலிருந்து ஒன்றை வாங்கக் கூடாது, ஒரே மேஜையில் சாப்பிடக் கூடாது என்று சொன்னேன். "அப்ப நீங்க இவ்ளோ கஷ்டப்பட்டு லைசென்ஸ் வாங்கியும் அவங்க ஏற மாட்டாங்களா?" என்றாள்.

ஏற வேண்டாம், அக்கா. உங்கள் வாசலில் காரை நிறுத்துகிறோம். ஜூனில் வரட்டுமா?

வெர்னா

*

பிளெயின் சிட்டி
மே 28

அன்பான அக்காவுக்கு,

நலமா? பதிலைக் காணோம். தபால்காரர் வரும் நேரத்தில் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறேன் என்று வீட்டில் அவர் கேலி செய்கிறார்.

நான் எழுதியதில் ஏதாவது மனத்தை நோகடித்ததா? வருவது உங்களுக்குச் சபையில் தொந்தரவாக இருக்கும் என்றால் வரவில்லை. இரண்டு வரி போதும். லெவி அத்தானாவது எழுதட்டும்.

வெர்னா

*

சார்ம்
ஜூன் 3

வெர்னாவுக்கு லெவி எழுதுவது.

நான் கடிதம் எழுதுகிற ஆள் அல்ல. ஆகவே சுருக்கமாக.

உன் அக்காவுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. ஜனவரியிலிருந்து குதிரைவண்டிப் படியில் ஏற முடியவில்லை. பனி, சேறு என்று உனக்கு எழுதினதெல்லாம் அதுதான். மூட்டு மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாட்டேன் என்கிறாள். வெளியாட்கள் வாடகைக்கு ஓட்டுகிற வேனில் நாங்கள் ஏறலாம்தான், ஆனால் எல்லாம் உயரம். போன மாதம் ஒன்றில் ஏற்றப் பார்த்தோம், வலியில் கத்திவிட்டாள். அன்றிலிருந்து நாற்காலியை விட்டு எழுவதில்லை, பேனாவையும் எடுப்பதில்லை.

உன் கடிதங்கள் தலையணைக்கு அடியில் இருக்கின்றன.

உங்கள் கார் உயரமா, தாழ்வா?

லெவி

*

சார்ம்
ஜூன் 14

அன்புத் தங்கைக்கு,

கர்த்தர் நல்லவர். லெவி என் முதுகுக்குப் பின்னால் உனக்கு எழுதியது இப்போதுதான் தெரிந்தது. நாற்பது வருடத்தில் அவர் எழுதிய முதல் கடிதம் இதுதான், அதில் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார். நீ உடனே அனுப்பிய பதிலில் காரின் இருக்கை தரையிலிருந்து எவ்வளவு என்று அளந்து எழுதியிருந்தாய். லெவி நாடாவை எடுத்து என் நாற்காலியை அளந்தார். இரண்டும் ஒரே அளவு.

சபை மூப்பர் ரூபனை வரச் சொன்னேன். வந்து உட்கார்ந்து ஒரு குவளை காபியை முழுவதும் குடித்தார். அப்புறம் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அந்தப் பொண்ணு நம்ம சபையில ஞானஸ்நானம் எடுத்தவளா?"

"இல்ல. பிறந்ததே அங்கதான்."

"அப்ப அவ மேல விலக்கு கிடையாது."

"கிடையாது."

"ஓட்டறது அவதானே? வெர்னா இல்லையே?"

"அவதான். ஆனா வெர்னா பக்கத்துல உட்காரணும். பழகற பிள்ளைக்குப் பக்கத்துல பெத்தவங்க இல்லாம வண்டியைக் கிளப்பவே கூடாதுன்னு அரசாங்கச் சட்டம்."

தாடியைத் தடவினார். லெவி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அதிகாரிகளுக்குக் கீழ்ப்படியணும்னு வேதத்துலயே இருக்கு. சட்டம் உட்காரச் சொன்னா அவ உட்காரத்தானே வேணும்?" என்றார் ரூபன். குவளையை நீட்டினார். இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன். நாற்காலியிலிருந்து எழுந்து ஊற்றினேன், வெர்னா.

கார் யாருடையது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அறுவை சிகிச்சை ஜூலை எட்டு. கெசியா என்னைக் கொண்டுபோய் விட்டு, பிறகு கொண்டுவந்தும் சேர்க்க வேண்டும். அவளால் முடியுமா என்று கேள். முடியும் என்று அவள் சொல்லட்டும், நீ சொல்லாதே. நீ சொன்னால் பெருமையாகிவிடும்.

சலோமா

*

சார்ம்
ஜூலை 22

அன்பு மகள் கெசியாவுக்கு,

சலோமா பெரியம்மாவின் ஆசீர்வாதம். எனக்குச் சுகம். கம்பைப் பிடித்துக்கொண்டு தோட்டம் வரை நடக்கிறேன். பட்டாணிக் கொடிகளை எனக்குப் பிடிக்காத மாதிரி லெவி கட்டி வைத்திருக்கிறார். ஆட்லியின் கண்ணுக்கு ஜெபிக்கிறேன். உன் அம்மாவுக்குத் தனியாக எழுதவில்லை, இதை அவளும் வாசிப்பாள் என்று தெரியும்.

நீ போகும்போதும் வரும்போதும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் காருக்குள் நடந்தது உனக்குத் தெரியாது. எழுதுகிறேன்.

என்னைக் கூட்டிப்போக வந்த அன்று உன் அம்மா தலையணையைப் பின் இருக்கையில் வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கி நின்றாள். அவள் கையிலிருந்து நான் வாங்கக் கூடாது, இருக்கையிலிருந்து எடுக்கலாம். எடுத்துக்கொண்டேன். வலித்தது, ஆனால் கத்தவில்லை. இருக்கை என் நாற்காலி மாதிரியே இருந்தது.

நீ கிளப்பினாய். லெவி மேலே இருந்த பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். மலைச்சரிவில் யாரோ ஒருவரின் குதிரைவண்டி முன்னால் போனது. நீ வேகத்தைக் குறைத்துப் பின்னாலேயே போனாய். ஹார்ன் இல்லை, முண்டியடித்து முந்தவும் இல்லை. பின்னால் ஒரு லாரிக்காரன் கத்தினான். நீ கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, அவன் கத்துகிறவரை கத்தட்டும் என்று இருந்தாய். மேட்டில் ஏறி, எதிரே யாரும் வரவில்லை என்று தெளிவான பிறகுதான் விலகினாய். குதிரையின் காதுகூட அசையவில்லை. லெவி அப்போதுதான் கண்ணைத் திறந்தார். "நம்ம டாலியே இவளுக்குக் கீழ்ப்படியும்" என்றார். அவர் என்னைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை.

உன் அம்மாவின் வலது கால் வழியெல்லாம் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. அங்கே பிரேக் இல்லை என்று யாராவது அவளிடம் சொல்லுங்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் அவள் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொப்பிக்குக் கீழே முடி நரைத்துவிட்டது. என்னைவிட ஏழு வயது சின்னவள்.

திரும்பி வரும் நாளில் உன் அம்மா முட்டையும் பாலும் சேர்த்துக் கஸ்டர்டு பை ஒன்றைச் சுட்டு இருக்கையில் வைத்திருந்தாள். நான் அதை மடியில் வைத்துக்கொண்டேன். உன்னைச் சோதிக்கத்தான். கஸ்டர்டு எப்படி ஆடும் என்று உனக்குத் தெரியும். அத்தனை வளைவு, அத்தனை மேடு பள்ளம். மேலே படிந்த ஏட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை.

நீ களைப்பாற மரத்தடியில் நிறுத்தினாய். லெவி கத்தியை எடுத்துக் கஸ்டர்டு பையை வெட்டினார். ஒரு துண்டை உனக்குத் தந்தார். இன்னொன்றைக் கியர் பக்கத்தில் இருந்த மேட்டில் வைத்தார். உன் அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எடுத்தாள். அவள் முன்னால், நான் பின்னால். இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். ஒரே மேஜையில் சாப்பிடக் கூடாது என்பதுதான் எங்களுக்கு விதி. காருக்குள் மேஜை ஏது? கொஞ்ச நேரம் கழித்து உன் அம்மா திரும்பாமலே, "சர்க்கரை சரியா இருக்கா அக்கா?" என்றாள். "கொஞ்சம் தூக்கல்" என்றேன். அவள் சபையை விட்டுப் போன பிறகு எங்களுடைய முதல் சாப்பாட்டுப் பேச்சு அது. ரொம்ப நேரம் அதற்குச் சிரித்தோம். ஏன் சிரித்தோம் என்று நீ கேட்டாய், யாரும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

உன்னைப் பற்றிப் பெருமையாக நான் ஒன்றும் எழுதக் கூடாது. கஸ்டர்டு ஆடவில்லை என்று மட்டும் எழுதுகிறேன்.

மருத்துவமனைக்கு இலையுதிர் காலம் வரை மாதம் ஒருமுறை போய்க் காட்ட வேண்டுமாம். செப்டம்பரில் உனக்கு முழு உரிமம் கிடைக்கும் என்று உன் அப்பா எழுதியிருக்கிறார். அது வந்துவிட்டால் நீ தனியாகவே ஓட்டலாமாம், பக்கத்தில் உன் அம்மா உட்கார வேண்டும் என்று சட்டம் சொல்லாதாம். அப்புறம் மூப்பர் ரூபனிடம் நான் என்ன சொல்வது?

ஆகவே, கண்ணு, நிதானமாகப் பழகு. ஒன்றும் அவசரமில்லை.

உன் பெரியம்மா,
சலோமா